பண்டிகை நேரத்தில் வேலை போனால்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். பி.எஃப். விண்ணப்பம், வேலைவாய்ப்புப் பதிவு, பாஸ்போர்ட், வங்கிக்கு எழுதும் மனு இவைதான் என் அன்றாட வேலை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும் நவம்பர் கடைசியில் தொடங்கிப் பொங்கல் முடியும் வரை, வேலை இழந்து வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆனால் டிசம்பரின் செலவும் கூச்சமும் எல்லா வீட்டுக்கும் பொது. சுசீந்திரம் மார்கழித் திருவிழா, அரையாண்டு விடுமுறை, வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள், பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலை போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்கூட இல்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதுங்கள். கையிலும் வங்கியிலும் இருப்பது எவ்வளவு, உறுதியாக வரவேண்டியது எவ்வளவு, பொங்கல் வரை கொடுத்தே தீரவேண்டியது எவ்வளவு. மூன்றாவது தொகையில் வாடகை, கரண்ட் பில், மருந்து, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, அரிசி பருப்பு மட்டும் சேரட்டும். துணி, கேக், ஸ்டார், பட்டாசு எல்லாம் அதற்குக் கீழே தனியாக. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் துணிக்கடைக்குப் போய்விட்டு வருகிறார்கள்; வாடகையின் நினைவு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில்தான் வருகிறது.

அடுத்தது பழைய நிறுவனத்திலிருந்து வாங்கவேண்டிய தாள்கள். பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் (நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் எண்) ஆகிய நான்கையும் அந்த வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். அலுவலக மின்னஞ்சலில் உங்கள் சொந்தச் சான்றுகள் கிடந்தால், அதை முடக்குவதற்குமுன் எடுத்துவிடுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில் எதையாவது எழுதிவிட்டு வெளியேறியவர்கள் பிறகு அதே மேலாளரிடம் ஒரு கையெழுத்துக்காக நடையாய் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து வாங்கும்வரை வாயைக் கட்டுங்கள்.

பண்டிகை நல்லபடியாக முடியட்டும், அதன்பிறகு வீட்டில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது தப்பா?

வேண்டாம். இதை மட்டும் நான் யாரிடமும் மழுப்பிச் சொல்வதில்லை. சொல்லாமல் இருக்கிறவர் வழக்கம்போலச் செலவு செய்தே ஆகவேண்டும். மனைவி பிள்ளைகளுக்குத் துணி, அம்மாவுக்குப் புடவை, மச்சினன் பிள்ளைக்குப் பரிசு என்று போன ஆண்டு செய்ததையெல்லாம் இந்த ஆண்டும் செய்யாவிட்டால் சந்தேகம் வரும். அதனால் கடன் வாங்குகிறார். ஜனவரியில் அவர் வீட்டில் சொல்லவேண்டிய செய்தி இரண்டாகிவிடுகிறது.

என் மையத்துக்கு ஓர் இளைஞர் காலை ஒன்பதரைக்கு வருவார். சட்டை இஸ்திரி போட்டது, தோளில் அலுவலகப் பை. ஓரத்துக் கணினியில் உட்கார்ந்து செய்தி படிப்பார், மதியம் பையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை எடுத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவைப்பார். ஐந்தரை ஆனதும் எழுந்து பஸ்ஸுக்குப் போவார். அந்தப் பாத்திரத்தில் பொரித்த மீனும் அவியலும் இருந்தன. விடியற்காலையில் எழுந்து யாரோ கட்டிக்கொடுத்தது. ஒருநாள் அவரோடு நானும் உட்கார்ந்து, இன்று இரவு சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார். மறுநாள் அவருடைய அம்மாவே அவரை அழைத்துக்கொண்டு வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்க வந்தார்.

எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். திருமணமானவர் என்றால் துணையிடம், இல்லையென்றால் பெற்றோரில் பதறாதவரிடம். மேலே சொன்ன மூன்று தொகைகள் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தாள் இருந்தால் பேச்சு அழுகையில் நின்றுவிடாமல் கணக்குக்கு வந்துசேரும்.

கடைசி மாதச் சம்பளமும் தரவில்லை, போனஸும் இல்லை. "கணக்கு முடிந்தது" என்கிறார் முதலாளி. கேட்க எனக்கு உரிமை உண்டா?

உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டாலும் தானாக விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். போனஸைப் பொறுத்தவரை, 20 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் சம்பளம் வாங்கியவர், அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே அதற்குத் தகுதியானவர். குறைந்த அளவு 8.33 விழுக்காடு. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான போனஸ் நவம்பர் 30-க்குள் கைக்கு வரவேண்டியது. டிசம்பரில் வேலை போனவருக்கு அந்த உரிமை டிசம்பரோடு போய்விடுவதில்லை. திருட்டு, மோசடி, வன்முறை போன்ற குற்றங்களுக்காக நீக்கப்பட்டவருக்கு மட்டும் போனஸ் கிடையாது.

முதலில் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். பதில் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளிலும் மனு வாங்குவார்கள். சிறிய கடைகளில் வாய்ப்பேச்சில் வேலை செய்தவர்கள் தங்களிடம் ஆதாரம் இல்லையே என்கிறார்கள். மாதாமாதம் வங்கியில் வந்த தொகை, வாட்ஸ்அப்பில் வந்த வேலை உத்தரவு, வருகைப் பதிவின் படம் எல்லாமே ஆதாரம்தான். அழித்துவிடாதீர்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் சமாளித்துவிடலாமா?

வாடகைக்கும் மருந்துக்கும் வேறு வழியே இல்லையென்றால் எடுக்கலாம். பண்டிகைக்காக எடுக்கவேண்டாம். வேலை இல்லாத காலத்தில் சேமிப்பின் பெரும்பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் அது ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நம்பித் துணிக்கடைக்குப் போகாதீர்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பி.எஃப். கணக்கில் பின்னால், ஓரிடத்தில் அப்பா பெயர் முழுதாக, இன்னோரிடத்தில் ஓர் எழுத்தாக. நம் ஊரில் மனு திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள். நிறுவனம் நீங்கள் வெளியேறிய தேதியைப் பதியவில்லையென்றால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழிந்தபின் நீங்களே பதியலாம்.

ஐந்து ஆண்டு தொடர்பணி முடியாமல் 50,000 ரூபாய்க்குமேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். ஓய்வூதியப் பகுதியைத் தொடவேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும்; அதற்குக் குறைவாக இருக்கிறவர்கள் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்தால், அடுத்த நிறுவனத்தில் சேர்ந்ததும் பழைய ஆண்டுகள் கணக்கில் சேரும். முப்பது வயதில் அது அற்பத் தொகையாகத் தெரியும்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் தருகிறதாமே, எனக்குக் கிடைக்குமா?

தமிழ்நாடு அரசின் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் நேற்று வேலை போனவருக்கானது அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு, மூன்று ஆண்டு வரை தரப்படுவது. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வயது 40-க்குள், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45-க்குள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காத்திருப்பும் ஓர் ஆண்டுதான்.

இந்த டிசம்பருக்கு உதவாவிட்டாலும் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால் பதிவு மூப்பு போய்விடும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தவர்கள் அதன் கிளை அலுவலகத்தில் வேலையிழப்பு நிவாரணத்தைக் கேட்டுப்பாருங்கள். தகுதி உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, சராசரி நாள் ஊதியத்தில் பாதி என்ற கணக்கில் தரும் திட்டம் அது. அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது.

இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஏதாவது வேலை கிடைக்குமா? குமரியில் என்னதான் இருக்கிறது?

இந்த ஒரு மாதத்தில்தான் இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கன்னியாகுமரியில் இறங்குகிறார்கள். அதோடு பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2024 டிசம்பர் 30-இல் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு அந்தக் கூட்டத்துக்குப் பார்க்க இன்னும் ஒன்று கூடியிருக்கிறது. லாட்ஜ்களில் வரவேற்பு மேசை, ஓட்டல்களில் பில் போடுவது, சீசன் கடைகளில் நிற்பது, வேன் ஓட்டுவது என்று ஆள் தேடுவார்கள். இந்தியோ தெலுங்கோ மலையாளமோ பேசத் தெரிந்தவர் அதை முதலில் சொல்லவேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கங்களில் துணிக்கடையும் செருப்புக்கடையும் டிசம்பர் முழுக்கக் கூடுதல் ஆள் வைக்கின்றன. பேக்கரிகளில் கேக் வேலை இரவும் நடக்கும். தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை இறக்கவும் கட்டவும் விடியலுக்குமுன் ஆள் வேண்டும்.

பலர் மறந்துவிடுவது வீட்டு வேலைகளை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் வீடுகளுக்கு வெள்ளையடிப்பதும் பெயின்ட் அடிப்பதும் இந்த மாதம்தான். வயரிங் தெரிந்தவருக்கு வீட்டு அலங்கார விளக்கும் கோயில் விளக்கும் கிடைக்கும். புல்கூடு, அதாவது கிறிஸ்துமஸ் குடில், கட்டக் கைத்திறன் உள்ள பையன்களை முன்பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணங்கள் வரிசையாக வரும். பந்தியில் விளம்ப சமையல்காரர்கள் இளைஞர்களைத் தேடுவார்கள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ் செய்யத் தெரிந்த வீடாக இருந்தால், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே ஆர்டர் வாங்கிச் செய்யுங்கள். ஆர்டர் இல்லாமல் செய்து அடுக்காதீர்கள்; எண்ணெய் விலையும் முந்திரிக்கொத்துக்கான சிறுபயறு விலையும் முதலைத் தின்றுவிடும்.

சம்பளம் நாள்கணக்கா வாரக்கணக்கா, சாப்பாடு உண்டா, கடைசி நாள் எது என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். சீசன் வேலையில் சம்பளம் பாக்கி நின்றுபோவது கடைசி வாரத்தில்தான். முடிந்தவரை வாரம்தோறும் வாங்குங்கள்.

பொறியியல் படித்துவிட்டுத் துணிக்கடையில் சேலை மடித்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?

ஏதாவது சொல்வார்கள், இரண்டு நாள் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. இங்கே ஒவ்வொரு தெருவிலும் பட்டதாரி உண்டு, வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரியும் உண்டு. அந்த மூன்று வாரச் சம்பளத்தில் உங்கள் வீட்டு வாடகை அடைந்தால், பேசுகிறவர்கள் அதை அடைக்கப்போவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தில் இந்த வேலையை எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. எழுதினால் நேர்முகத்தில் கேட்பார்கள். வீட்டுக்காகச் செய்தேன் என்று நேராகச் சொல்லுங்கள். அதைக் குறையாக எடுக்கும் நிறுவனம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

துபாயிலிருந்து அண்ணனும் மைனியும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் எப்படி நிற்பது?

அவர்கள் விமானம் ஏறுவதற்குமுன் போனில் சொல்லிவிடுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் வேறு யாராவது சொல்லி அவர்கள் அறிந்துகொள்வதுதான் சங்கடம். "அண்ணா, எனக்கு இப்போது வேலை இல்லை. இந்த ஆண்டு நான் யாருக்கும் எதுவும் வாங்கவில்லை, நீங்களும் பிள்ளைகளுக்குப் பெரிதாக எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று சொன்னால் இரண்டு பக்கமும் பாரம் குறையும். மைனியிடம் தனியாகச் சொல்வது நல்லது. விருந்தில் யார் என்ன கேட்டாலும் பேச்சை மாற்றிவிட அவரைப்போல ஆள் கிடையாது.

உதவி கேட்பதானால் திட்டமாகக் கேளுங்கள். "அங்கே ஏதாவது வேலை இருந்தால் பாருங்கள்" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்ற பதிலோடு முடிந்துபோகும். "கிடங்கு மேலாளர் வேலையில் எனக்கு ஆறு ஆண்டு அனுபவம். உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவின் மின்னஞ்சல் வேண்டும்" என்று கேட்டால், அவர் திரும்பிப்போன முதல் வாரத்தில் செய்யக்கூடிய ஒரு காரியம் அவர் கையில் இருக்கும். விண்ணப்பத்தின் அச்சுப்படி ஒன்றையும் அவர் பையில் வைத்துவிடுங்கள்.

கூடியிருக்கும் இடத்தில் "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்கும் உறவினருக்கு ஒரே வரி போதும்: "வேலை மாறுகிற நேரம் மாமா, தேடிக்கொண்டிருக்கிறேன்." நீங்கள் விளக்கத் தொடங்கினால்தான் அவர்களுக்கு அடுத்த கேள்வி கிடைக்கும்.

பிள்ளைகளுக்குப் புதுத்துணிகூட எடுக்காமல் கிறிஸ்துமஸா?

எடுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்களுக்கு இந்த ஆண்டு வேண்டாம் என்று வீட்டில் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஒரு தொகையைக் குறித்து, அதை ரொக்கமாக எடுத்துக்கொண்டு போங்கள். கார்டு வேண்டாம். போன ஆண்டு ஸ்டார் பரணில் இருக்கும். பல்பு மாற்றினால் எரியும். புல்கூட்டுக்கு வைக்கோலும் மூங்கிலும் பக்கத்தில் கேட்டால் கிடைக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டும் அந்த இரண்டு மாலைக்குச் செலவு ஒன்றுமில்லை. பத்து வயதுக்குமேல் உள்ள பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம். அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபிறகு வந்த கிறிஸ்துமஸைக் கடற்கரை ஊர்களில் கேட்டுப்பாருங்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் கொண்டாட்டம் ஏது? அந்த ஆண்டும் பூசை நடந்தது, பிள்ளைகள் கோயிலுக்குப் போனார்கள். கொண்டாட்டம் குறைந்த ஓர் ஆண்டைத் தாங்கும் பழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

நகையை அடகு வைப்பதா, வட்டிக்கு வாங்குவதா?

வாங்கியே தீரவேண்டும் என்றால் நகை அடகு, அதுவும் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ. தேவைக்கு மேல் வாங்காதீர்கள். மதிப்பீட்டாளர் "இதற்கு இன்னும் கிடைக்கும்" என்று சொல்லும்போது கை நீண்டுவிடும். முதல் கேள்வியில் சொன்ன மூன்றாவது தொகைக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டும். வட்டி கட்டவேண்டிய தேதியையும் ஏலக் கெடுவையும் அடகுச் சீட்டிலேயே படித்து, வீட்டு நாள்காட்டியில் எழுதிவையுங்கள்.

நாள்வட்டி, மீட்டர் வட்டி, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் கடன் எதற்கும் போகாதீர்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். கைபேசிக் கடன் செயலிகள் இன்னும் மோசம். உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு உறவினர்களுக்கு அசிங்கமான செய்தி அனுப்புவார்கள். மாட்டிக்கொண்டால் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் உடனே சொல்லுங்கள், வெட்கப்பட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

மனைவி பெயரில் குழுக்கடன் இருக்கிறது. வாரத் தவணை கட்ட முடியவில்லை. வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள்.

சிறுகடன் நிறுவனங்களின் வசூல் ஆள்கள் காலை 9 மணிக்குமுன்னும் மாலை 6 மணிக்குப்பின்னும் வரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டுவதும் இழிவாகப் பேசுவதும் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. இதைத் தெரிந்து பேசினால் குரல் தானாக அடங்கும். ஆனாலும் தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய், வேலை போன கடிதத்தைக் காட்டி, தவணையைத் திருத்தித் தரும்படி எழுத்தில் கேட்பதுதான் நல்ல வழி. வங்கிக் கடன் உள்ளவர்களுக்கும் இதுவே. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் ஒவ்வொரு முறையும் அபராதம் ஏறும்.

குழுவில் உள்ள மற்றப் பெண்கள் உங்கள் தவணையையும் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்றால், அவர்களிடம் மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் போய் நில்லுங்கள்.

கோயில் வரி, கேரல் காணிக்கை, கிறிஸ்துமஸ் சீட்டு எல்லாம் ஒன்றாக வருகிறது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ நேரில் போய்ச் சொல்லுங்கள். வரியைப் பின்னால் கட்டுகிறேன் என்றால் மறுக்கமாட்டார்கள். கேரல் பாடிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா வாசலுக்கு வரும்போது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்காதீர்கள். கதவைத் திறந்து, பாட்டைக் கேட்டு, பத்து ரூபாய் போடுங்கள், அல்லது சுக்குக்காப்பி கொடுங்கள். பாடுகிற பிள்ளைகளுக்கு அது போதும். சீட்டை மட்டும் பாதியில் நிறுத்தாமல், நடத்துகிறவரிடம் பேசி, மீதித் தவணைக்குத் தேதி வாங்குங்கள்.

பல பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையினர் வெளியே தெரியாமல் உதவுகிறார்கள். பங்கின் அக்கம்பக்கக் குழுவான அன்பியத்திலும் சொல்லலாம். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் பொங்கலுக்கு ரேஷன் கடையில் அரசு தரும் பரிசுத் தொகுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். "நமக்கு எதற்கு" என்று இந்த ஆண்டு விடவேண்டாம்.

டிசம்பரில் யாரும் ஆள் எடுக்கமாட்டார்கள், ஜனவரியில் தேடினால் போதும் என்கிறார்களே?

நேர்முகம் குறையும் என்பது உண்மை. ஆள் தேவை குறைவதில்லை. ஜனவரியில் எல்லோரும் அனுப்பும் விண்ணப்பக் குவியலுக்குமுன் உங்களுடையது போய்ச்சேர இது நல்ல நேரம். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றிக் கேளுங்கள். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதியுங்கள். கணினித் துறையினர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கை விட்டுவிடாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறவர்கள் நிறையப் பேர்.

காலையில் இரண்டு மணி நேரம் வேலை தேடலுக்கு, மீதி நேரம் சீசன் வேலைக்கு அல்லது வீட்டுக்கு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடாது. கிறிஸ்துமஸ் அன்றும் மறுநாளும் தேடவே வேண்டாம்.

ஓர் ஏஜென்ட், ஜனவரியில் டிக்கெட் போட்டுத் தருகிறேன், சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். வேலை இழந்தவர்களின் அவசரம் தெரிந்துதான் இந்த மாதத்தில் இப்படிப்பட்டவர்கள் சுற்றுகிறார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் வெளியுறவுத் துறையின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். அந்தத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று எந்தக் கணினி மையத்திலும் ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சுற்றுலா விசா என்பது அந்தப் பாதுகாப்பைத் தாண்டிப் போகும் வழி. அங்கே சம்பளம் தராவிட்டால் வழக்குப் போடுவதுகூடக் கடினம்.

கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடியில் ஈடுபடுத்துகிறார்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அங்கே சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். வெளிநாடு போவதுதான் முடிவென்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியுங்கள். அல்லது மேலே அண்ணனிடம் கேட்கச் சொன்னதுபோல, அங்கே வேலை செய்யும் உறவினர் மூலம் நிறுவனத்தையும் ஒப்பந்தத்தையும் சரிபாருங்கள். நகையை விற்று ஏஜென்டிடம் கொடுப்பதற்குமுன் ஒப்பந்தத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச்சொல்லுங்கள். என்னிடம் வந்தாலும் படித்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

வேலை போனது என் கணவருக்கு. யாரிடமும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை, குடிக்கத் தொடங்கியிருக்கிறார். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்கிறார். கோபத்தில் சொல்கிறாரா?

கோபம் என்று விட்டுவிடாதீர்கள் சகோதரி. அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்கிற எண்ணத்தை வெளியே சொல்ல வழி கிடைக்கும். இன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து போன்றவை வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். அவர் மதிக்கும் ஒருவரை, அண்ணனோ நண்பரோ போதகரோ, வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104 எண்ணும் இருக்கிறது. இரண்டும் இலவசம். நீங்களே பேசி என்ன செய்வது என்று கேட்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னும் அந்த நிலைக்கு வராத ஆண்களுக்கும் இதையே சொல்கிறேன். குடிக்கிற பழக்கம் இருந்தால் வேலை இல்லாத நாள்களில் பகலில் தொடாதீர்கள். விடியலில் எழுந்து, குளித்து, வெளியே ஒரு நடை போய்வாருங்கள்.

பழைய நிறுவனமே கூப்பிடுகிறது. ஆனால் முப்பது விழுக்காடு சம்பளம் குறைவு, ஜனவரி 2-ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். போகலாமா?

கையில் வேறு எதுவும் இல்லையென்றால் போகலாம், தேடலை நிறுத்தாமல். ஆனால் சேருவதற்குமுன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கவேண்டும். பழைய பணிக்காலம் தொடர்கிறதா, புதிதாகக் கணக்கா? ஐந்து ஆண்டைத் தொடும் நிலையில் இருப்பவருக்கு இந்த ஒரு வரியில் பணிக்கொடையே (கிராஜுவிட்டி) போய்விடலாம். பி.எஃப். பிடித்தம் பழைய யு.ஏ.என்.னில் தொடரவேண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்ன பாக்கிச் சம்பளமும் போனஸும் இருந்தால், "இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் அவை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பச் சேருகிற மகிழ்ச்சியில் பலர் இதைப் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள்.

ஊரில் சீசன் வேலை ஒத்துக்கொண்டு பாதியில் இருந்தால் அந்தக் கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி, வேறு ஆளைக் காட்டிவிட்டுப் போங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ சேரவேண்டியவர்கள் டிக்கெட்டை இப்போதே பாருங்கள். புத்தாண்டு கழிந்து நாகர்கோவிலிலிருந்து கிளம்பும் ரயில்களில் அந்த வாரம் இடம் கிடைப்பது கடினம், தனியார் பஸ் கட்டணமும் ஏறியிருக்கும்.